வேர்ட்பிரஸில் ‘கடைசியாகத் திருத்திய நேரம்’: எடுப்பதும் காட்டுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் “கடைசியாகத் திருத்தியது” என்று ஒரு வரி. பார்க்க எளிய வேலை. ஆனால் அதைச் சரியாகக் காட்டத் தொடங்கினால் நேர மண்டலம், மொழி, கேஷ் (சேமித்து வைத்த பக்க நகல்), தேடுபொறி என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும். இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் சில தமிழ்த் தளங்களைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், நானே தடுமாறிய இடங்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஒரு விஷயம் முதலில். ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்து தரும் நிரல் துண்டு) பெயர்களை உச்சரிப்புப்படியே தமிழில் எழுதியிருக்கிறேன். நிரலில் தட்டும்போது வேர்ட்பிரஸ் ஃபங்ஷன்கள் எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. சொற்களுக்கு நடுவே இடைவெளி வராது, கீழ்க்கோடு வரும்.

திருத்திய நேரத்தை வேர்ட்பிரஸ் எங்கே வைத்திருக்கிறது?

டேட்டாபேஸில் பதிவுகளுக்கான அட்டவணையில். ஒவ்வொரு பதிவுக்கும் நான்கு நேரங்கள் இருக்கும்: ‘போஸ்ட் டேட்’, ‘போஸ்ட் டேட் ஜிஎம்டி’, ‘போஸ்ட் மாடிஃபைட்’, ‘போஸ்ட் மாடிஃபைட் ஜிஎம்டி’. முதல் இரண்டும் வெளியிட்ட நேரம், அடுத்த இரண்டும் கடைசியாகச் சேமித்த நேரம். ஜிஎம்டி என்று முடிபவை உலகப் பொது நேரத்தில், அதாவது யுடிசியில் இருக்கும். மற்றவை உங்கள் தளத்தின் அமைப்புகளில் நீங்கள் வைத்த நேர மண்டலத்தில் இருக்கும்.

ஒரே நேரத்தை ஏன் இரண்டு தடவை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றும். உள்ளூர் நேரம் வாசகருக்குக் காட்ட. யுடிசி நேரம் கணக்குப் போட. கீழே வரும் குழப்பங்களில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றோடொன்று கலப்பதால் வருபவைதான்.

எந்த ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும்? ஏகப்பட்டது இருக்கிறதே.

உண்மைதான், பெயர்களும் ஒன்றுபோல இருக்கின்றன. பெரும்பாலான தேவைகளுக்கு இரண்டு போதும்.

‘கெட் த மாடிஃபைட் டேட்’ தேதியைத் தரும். ‘கெட் த மாடிஃபைட் டைம்’ நேரத்தைத் தரும். வடிவத்தை நீங்கள் சொல்லாவிட்டால் முன்னது பொது அமைப்புகளில் உள்ள தேதி வடிவத்தையும், பின்னது அங்கே உள்ள நேர வடிவத்தையும் எடுத்துக்கொள்ளும். வடிவத்தைச் சொல்லிவிட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேலையைத்தான் செய்யும். ‘கெட்’ இல்லாமல் ‘த மாடிஃபைட் டேட்’ என்று எழுதினால் மதிப்பு திரும்பி வராது, நேராகத் திரையில் அச்சாகிவிடும். மதிப்பை ஒரு மாறியில் வைக்க நினைத்துவிட்டு ‘கெட்’டை விட்டுவிட்டால், தேதி பக்கத்தின் எங்கோ ஒரு மூலையில் தனியாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

கணக்குப் போட வேண்டும் என்றால் வேர்ட்பிரஸ் 5.3 பதிப்பில் (2019 நவம்பர்) வந்த இரண்டைப் பயன்படுத்துங்கள். ‘கெட் போஸ்ட் டைம்ஸ்டாம்ப்’ உண்மையான யூனிக்ஸ் டைம்ஸ்டாம்பை (விநாடிகளாக எண்ணிய நேரம், விளக்கம் கீழே) தரும். ‘கெட் போஸ்ட் டேட்டைம்’ நேர மண்டலத்தோடு சேர்ந்த பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி) ஆப்ஜெக்டைத் தரும். இரண்டுக்கும் இரண்டாவது பராமீட்டராக ‘மாடிஃபைட்’ என்று சொல்ல வேண்டும். மறந்தால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. சத்தமில்லாமல் வெளியிட்ட தேதி வந்து நிற்கும்.

லூப்புக்கு (பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும் நிரல் பகுதி) வெளியே கூப்பிட்டால் வேறு பதிவின் தேதி வருகிறது. ஏன்?

பதிவு எது என்று நீங்கள் சொல்லவில்லை என்றால், அந்த நேரத்தில் ‘போஸ்ட்’ என்ற பொது மாறியில் எது இருக்கிறதோ அதைத்தான் அது எடுக்கும். பக்கவாட்டில் ஒரு தனி வினவல் ஓடி முடிந்து, ‘டபிள்யூபி ரீசெட் போஸ்ட்டேட்டா’வைக் கூப்பிடாமல் விட்டிருந்தால், அங்கே கடைசியாக வந்த பதிவுதான் மாறியில் உட்கார்ந்திருக்கும். 4.6 பதிப்பிலிருந்து ‘கெட் த மாடிஃபைட் டேட்’, ‘கெட் த மாடிஃபைட் டைம்’ இரண்டுக்கும் இரண்டாவது பராமீட்டராகப் பதிவின் எண்ணைத் தரலாம். லூப்புக்கு உள்ளேயும் அதைத் தந்துவிடுவது என் பழக்கம். பதிவு இல்லை என்றால் ‘ஃபால்ஸ்’ திரும்பி வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வடிவ எழுத்துகள் குழப்புகின்றன. எது எதற்கு?

பிஎச்பியின் ‘டேட்’ எழுத்துகளையே வேர்ட்பிரஸும் பயன்படுத்துகிறது. தினமும் தேவைப்படுபவை இவைதான். பெரிய ஒய் நான்கு இலக்க ஆண்டு, சிறிய ஒய் இரண்டு இலக்கம். பெரிய எஃப் மாதத்தின் முழுப் பெயர், பெரிய எம் சுருக்கப் பெயர், சிறிய எம் இரண்டு இலக்க மாத எண், சிறிய என் முன்னால் பூஜ்யம் இல்லாத மாத எண். சிறிய ஜே நாள், சிறிய டி பூஜ்யத்தோடு நாள். சிறிய எல் கிழமையின் முழுப் பெயர். மணிக்கு ஜி அல்லது எச்: சிறியது 12 மணிக் கணக்கு, பெரியது 24 மணிக் கணக்கு, எச் என்றால் முன்னால் பூஜ்யம் வரும், ஜி என்றால் வராது. நிமிடத்துக்குச் சிறிய ஐ.

அந்தக் கடைசி எழுத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள். நிமிடம் என்றதும் கை தானாக எம் தட்டும். மார்ச் மாதம் முழுக்க எல்லாப் பதிவுகளும் “10:03”, “4:03” என்று காட்டும். மார்ச்சில் யாருக்கும் சந்தேகம் வராது. ஏப்ரலில் எல்லாம் “:04” ஆனபிறகுதான் யாராவது கண்டுபிடிப்பார்கள்.

வடிவத்துக்கு நடுவே தமிழ்ச் சொல் எழுதலாமா? பின்சாய்வுக்கோடு போட வேண்டுமா?

தாராளமாக எழுதலாம், எதுவும் போட வேண்டாம். ஆங்கிலச் சொல்லை நடுவில் வைத்தால் அதன் ஒவ்வோர் எழுத்தும் வடிவ எழுத்தாகப் புரிந்துகொள்ளப்படும். அதனால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் பின்சாய்வுக்கோடு தேவை. தமிழ் எழுத்துகள் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஆங்கில எழுத்துகளின் எல்லைக்கு வெளியே இருப்பவை. அவற்றை பிஎச்பி தொடாமல் அப்படியே விட்டுவிடும். பெரிய ஒய், இடைவெளி, பெரிய எஃப், இடைவெளி, சிறிய ஜே, காற்புள்ளி, இடைவெளி, சிறிய ஜி, முக்காற்புள்ளி, சிறிய ஐ, இடைவெளி, பிறகு ‘மணி’ என்று எழுதிப் பாருங்கள். “2024 மார்ச் 5, 9:40 மணி” என்று வரும். தமிழில் தளம் நடத்துபவர்களுக்குக் கிடைத்த நல்ல வசதி இது.

தளம் தமிழில்தான் இருக்கிறது. ஆனாலும் மாதம் ஆங்கிலத்தில் வருகிறது.

நிரலில் எங்கோ பிஎச்பியின் ‘டேட்’ நேரடியாகக் கூப்பிடப்படுகிறது. அதற்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். அந்த இடத்தில் ‘டபிள்யூபி டேட்’ போடுங்கள். மாதம், கிழமை, முற்பகல்/பிற்பகல் எல்லாம் தளத்தின் மொழியில் வரும். பழைய நிரலில் ‘டேட் ஐ18என்’ இருக்கும். அதுவும் மொழிபெயர்க்கும், ஆனால் அது எதிர்பார்க்கும் டைம்ஸ்டாம்ப் வேறு மாதிரி. அதைக் கீழே சொல்கிறேன். இன்னும் பழைய தீம்களில் ‘எஸ்டிஆர்எஃப்டைம்’ பார்த்திருக்கிறேன். பிஎச்பி 8.1-இல் அதைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டார்கள், எச்சரிக்கை வரும். எடுத்துவிடுங்கள்.

உங்கள் சொந்தக் கணக்கின் மொழி ஆங்கிலமாக இருந்தால் நிர்வாகப் பக்கத்தில் ஆங்கில மாதம் தெரியும். அது வாசகரைப் பாதிக்காது.

மாதப் பெயர்கள் மொழிக் கோப்பிலிருந்து வருகின்றன. இலங்கை வாசகர்களுக்கு ‘ஓகஸ்ட்’, ‘ஒக்டோபர்’ என்றுதான் வர வேண்டும் என்றால், ‘டபிள்யூபி டேட்’ என்ற அதே பெயருள்ள ஃபில்டரில் (வெளிவரும் மதிப்பை நடுவில் மாற்ற வேர்ட்பிரஸ் தரும் இடம்) அந்தச் சொற்களை மாற்றிக்கொடுக்கலாம். பத்து வரி வேலை. தங்கள் ஊர் எழுத்துமுறையில் தேதியைப் பார்க்கும் வாசகருக்கு அது தன் தளம் என்ற உணர்வைத் தரும். நான் செய்யச் சொல்வேன்.

“முற்பகல் 9:40” செயற்கையாக இருக்கிறது. “காலை 9:40” என்று வர வைக்க முடியுமா?

முடியும், ஆனால் நீங்களே எழுத வேண்டும். இரவு 8 மணியைப் பிற்பகல் 8 மணி என்று நாம் யாரும் சொல்வதில்லை. மணியைப் பெரிய ஜி வடிவத்தில் 0 முதல் 23 வரை எண்ணாக எடுத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருக்கும் எல்லைகள்: 4 முதல் 5 வரை அதிகாலை, 6 முதல் 11 வரை காலை, 12 முதல் 15 வரை பிற்பகல், 16 முதல் 18 வரை மாலை, மற்றதெல்லாம் இரவு. அதிகாலை 2 மணி என்றும் சொல்வார்கள், இரவு 2 மணி என்றும் சொல்வார்கள். உங்கள் காதுக்கு எது சரியோ அதை வையுங்கள். பொழுதின் பெயரை முன்னால் வைத்து, பின்னால் சிறிய ஜி, சிறிய ஐ.

நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளித் தெரிகிறது. எங்கே தப்பு?

ஐந்தரை என்றதும் காரணம் பாதி தெரிந்துவிடுகிறது. இந்திய நேரமும் இலங்கை நேரமும் யுடிசியைவிட 5:30 மணி நேரம் முன்னால் இருக்கின்றன. அந்த 19,800 விநாடி எங்கோ ஒருமுறை கூடியிருக்கிறது, அல்லது கூட வேண்டிய இடத்தில் கூடவில்லை.

கொஞ்சம் பின்கதை வேண்டும். யூனிக்ஸ் டைம்ஸ்டாம்ப் என்பது 1970 ஜனவரி 1, யுடிசி நள்ளிரவிலிருந்து கடந்த விநாடிகள். அதற்கு ஊர் கிடையாது. சென்னையில் எடுத்தாலும் டொராண்டோவில் எடுத்தாலும் அதே எண்தான். ஆனால் வேர்ட்பிரஸ் தொடக்க காலத்தில், அந்த எண்ணோடு தளத்தின் நேர வித்தியாசத்தையும் கூட்டி ஒரு எண்ணை உருவாக்கிப் பயன்படுத்தியது. ‘கெட் த மாடிஃபைட் டைம்’ ஃபங்ஷனுக்குப் பெரிய யு என்று வடிவம் தந்தால், இன்றும் அந்தக் கூட்டிய எண்தான் வருகிறது. பார்க்க டைம்ஸ்டாம்ப் போலவே இருக்கும். உண்மையில் 19,800 அதிகம்.

இதைப் பிஎச்பியின் ‘டைம்’ தரும் எண்ணோடு ஒப்பிட்டால், இப்போதுதான் சேமித்த பதிவு வரப்போகும் நேரத்தில் திருத்தப்பட்டதாகத் தெரியும். ‘டபிள்யூபி டேட்’டுக்குக் கொடுத்தால் அது தன் பங்குக்கு இன்னொரு ஐந்தரை மணியைக் கூட்டும், காலை 9:40 பிற்பகல் 3:10 ஆகிவிடும். பழைய ‘டேட் ஐ18என்’ மட்டும் இந்தக் கூட்டிய எண்ணை எதிர்பார்த்தே எழுதப்பட்டது, அதனால் அங்கே சரியாக வரும். ஒரு தீமில் ‘டேட் ஐ18என்’னை எடுத்துவிட்டு ‘டபிள்யூபி டேட்’ போட்டதும் எல்லா நேரமும் கெட்டுப்போகிறது என்றால் இதுதான் காரணம்.

தீர்வு ஒன்றே. எண் வேண்டிய இடத்தில் பெரிய யு வேண்டாம், ‘கெட் போஸ்ட் டைம்ஸ்டாம்ப்’ போடுங்கள். எழுத்தாகக் காட்டும் கடைசி வரியில் மட்டும் ‘டபிள்யூபி டேட்’ கூப்பிடுங்கள். நடுவில் எங்கேயும் கையால் 19,800-ஐக் கூட்டவோ கழிக்கவோ செய்யாதீர்கள். அப்படிக் கூட்டிச் ‘சரிசெய்த’ நிரல் வேறு நேர மண்டலத்துக்கு மாற்றிய அன்றே உடையும்.

இன்னொரு சின்ன சோதனை: மார்ச் 6 அதிகாலை 2 மணிக்கு ஒரு பதிவைத் திருத்துங்கள். யுடிசியில் அது மார்ச் 5 இரவு 8:30. உங்கள் தளம் மார்ச் 5 என்று காட்டினால், வாசகருக்கு ஜிஎம்டி நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பகலில் மட்டும் சோதிப்பவர்களுக்கு இது கண்ணில் படாது.

அமைப்புகளில் நகரத்தைத் தேர்ந்தெடுப்பதா, ‘யுடிசி+5:30’ என்று வைப்பதா?

நகரம். எப்போதும் நகரம். இந்தியாவுக்குக் கொல்கத்தா, இலங்கைக்குக் கொழும்பு என்று பட்டியலில் இருக்கும். இந்தியாவில் இன்று இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் லண்டனிலோ டொராண்டோவிலோ இருந்து நடத்தும் தமிழ்த் தளத்துக்கு வித்தியாசம் உண்டு; அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பார்கள். வெறும் எண்ணை வைத்தால் ஆண்டில் பாதி நாள் தப்பான நேரம்.

இலங்கைக்கும் இது பொருந்தும், பழைய காப்பகம் வைத்திருந்தால். 1996-இல் இலங்கை தன் கடிகாரத்தை முதலில் ஆறரை மணிக்கும் பிறகு ஆறு மணிக்கும் மாற்றியது. 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்கு வந்தது. கொழும்பு என்று தேர்ந்தெடுத்தால் இந்த வரலாறு நேர மண்டலக் கோப்பிலேயே இருக்கிறது, 2005-இல் எழுதிய பதிவின் நேரமும் சரியாகக் கணக்கிடப்படும்.

“3 நாட்களுக்கு முன்” என்று காட்ட ஆசை. செய்யலாமா?

‘ஹ்யூமன் டைம் டிஃப்’ இருக்கிறது. திருத்திய டைம்ஸ்டாம்பை மட்டும் தந்தால் போதும், இப்போதைய நேரத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். (இங்கேயும் உண்மையான டைம்ஸ்டாம்ப்தான் தர வேண்டும்.) ஆனால் அது “3 மாதங்கள்” என்று மட்டும் தரும், ‘முன்பு’ என்பதை நீங்கள் ஒட்ட வேண்டும். ஆங்கிலத்தில் ஒட்டினால் வாக்கியம் ஆகிவிடும், தமிழில் வேற்றுமை உருபு வேண்டும்: மாதங்களுக்கு முன், வாரத்துக்கு முன். உலாவியில் உள்ள ‘இன்டல் ரிலேட்டிவ்டைம்ஃபார்மட்’ இதை நன்றாகச் செய்கிறது. தமிழ் என்று சொன்னால் “3 நாட்களுக்கு முன்” என்று உருபோடு தரும், ‘நியூமரிக்’ என்பதை ‘ஆட்டோ’ என்று வைத்தால் “நேற்று” என்றும் சொல்லும்.

உலாவியில் செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணம் கேஷ். பக்கத்தை ஒருமுறை உருவாக்கிச் சேமித்துவிட்டால், “10 நிமிடங்களுக்கு முன்” என்பது கேஷ் கலையும்வரை அப்படியே உறைந்து நிற்கும். வாசகர் மறுநாள் வந்தாலும் 10 நிமிடம்தான். அதனால் முழுத் தேதியைப் பக்கத்தில் அச்சிட்டு, உலாவியில் அதை மாற்றுங்கள். ஸ்கிரிப்ட் ஓடாவிட்டாலும் வாசகருக்குச் சரியான தேதி தெரியும்.

என் விருப்பத்தைக் கேட்டால், ஒரு வாரத்துக்கு மேல் ஆனவற்றுக்கு முழுத் தேதியே நல்லது. “2 ஆண்டுகளுக்கு முன்” என்பது அந்த வாசகருக்கு எதையும் உறுதியாகச் சொல்வதில்லை.

புதிய பதிவிலும் “திருத்தியது” என்று வருகிறது. உண்மையில் திருத்தினால் மட்டும் காட்ட வேண்டும்.

இரண்டு டைம்ஸ்டாம்புகளையும் எண்ணாக எடுத்துக் கழியுங்கள். வித்தியாசம் ஒரு நாளுக்கு மேல் இருந்தால் காட்டுங்கள். ‘டே இன் செகண்ட்ஸ்’ என்ற மாறிலி அதற்காகவே இருக்கிறது, அதைப் பெரிய எழுத்தில் தட்ட வேண்டும். வெளியிட்ட அரை மணி நேரத்துக்குள் நான்கு எழுத்துப்பிழை திருத்துவது எல்லோரும் செய்வது. அதை வாசகருக்கு அறிவிக்கத் தேவையில்லை.

பல தீம்கள் இரண்டும் சமமா இல்லையா என்று மட்டும் பார்க்கின்றன. அங்கே ஒரு பொறி இருக்கிறது. வியாழக்கிழமை எழுதி, ஞாயிறு காலை 6 மணிக்கு வெளிவரும்படி வைத்த பதிவை நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறன்று அதன் நிலை மட்டும்தான் மாறுகிறது, திருத்திய நேரம் வியாழனாகவே இருக்கும். இரண்டும் சமமில்லை. எனவே “வெளியானது ஞாயிறு, திருத்தியது வியாழன்” என்று வரும். எது பெரிது என்று பார்த்தால் இந்தச் சிக்கலே இல்லை. ஒப்பிடும்போது மாதப் பெயரோடு கூடிய எழுத்து வடிவத்தை ஒப்பிடாதீர்கள். அங்கே அகரவரிசைதான் வேலை செய்யும்.

எதைச் செய்தால் திருத்திய நேரம் மாறும், எதைச் செய்தால் மாறாது?

‘அப்டேட்’ பொத்தானை அழுத்தினால் மாறும், ஓர் எழுத்தைக்கூடத் தொடாவிட்டாலும். விரைவுத் திருத்தம் மாற்றும். மொத்தத் திருத்தமும் மாற்றும். நிரலில் ‘டபிள்யூபி அப்டேட் போஸ்ட்’ மாற்றும்.

கருத்து வந்தால் மாறாது. நிரலில் ‘அப்டேட் போஸ்ட் மெட்டா’ மூலம் கூடுதல் புலத்தை மாற்றினால் மாறாது. இதனால் எதிர்த்திசையிலும் தவறு நேரும்: விலையைக் கூடுதல் புலத்தில் வைத்து இரவுதோறும் ஒரு ஸ்கிரிப்ட் புதுப்பிக்கும் தளத்தில், பக்கம் பழையது போலவே தெரியும்.

மொத்தத் திருத்தம் செய்தேன். பழைய பதிவுகள் எல்லாம் இன்று திருத்தியதாகக் காட்டுகின்றன. மீட்க முடியுமா?

எனக்கும் நடந்தது. பத்தாண்டுக் கட்டுரைகள் உள்ள ஒரு தளத்தில் வகைப்பாடுகளை ஒழுங்குபடுத்த, பக்கம் பக்கமாகத் தேர்ந்தெடுத்து மாற்றினேன். மாலையில் பார்த்தால் முதல் ஆண்டின் கட்டுரைகூட “இன்று திருத்தியது”. அரசு உதவித்தொகை பற்றிய பழைய கட்டுரைக்கு மேல் புதிய தேதி இருப்பதைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. யாராவது அதை நம்பி, காலாவதியான படிவத்தோடு வரிசையில் போய் நின்றிருப்பார்கள்.

காப்புப் பிரதி இருந்தால் அதிலிருந்து திருத்திய நேரத்தின் இரண்டு நெடுவரிசைகளை மட்டும் எடுத்துப் பொருத்தலாம். இல்லை என்றாலும் வழி இருக்கிறது. வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் தலைப்பு, உள்ளடக்கம், சுருக்கம் ஆகியவற்றில் ஏதாவது மாறினால் அதன் ரிவிஷனை (அந்த வடிவத்தின் நகல்) சேமிக்கும். வகை மட்டும் மாறினால் இயல்பாகப் புதிய ரிவிஷன் உருவாகாது. ஒவ்வொரு ரிவிஷனின் ‘போஸ்ட் டேட்’டிலும், அது சேமிக்கப்பட்டபோது மூலப் பதிவுக்கு இருந்த திருத்திய நேரம் பதிவாகியிருக்கும். ஆக, கடைசி ரிவிஷனின் தேதிதான் எழுத்து உண்மையாக மாறிய கடைசி நாள்.

ரிவிஷன்களை எடுக்கும் ஃபங்ஷனின் பெயர் ‘டபிள்யூபி கெட் போஸ்ட் ரிவிஷன்ஸ்’. புதியது முதலில் வரும். தானாகச் சேமித்தவையும் அதில் கலந்திருக்கும்; ‘டபிள்யூபி இஸ் போஸ்ட் ஆட்டோசேவ்’ வைத்து அவற்றை ஒதுக்குங்கள். கிடைத்த தேதியை எழுதும்போது ‘டபிள்யூபி அப்டேட் போஸ்ட்’ வேண்டாம். அது நீங்கள் தரும் திருத்திய நேரத்தைக் கண்டுகொள்ளாமல் மறுபடி இன்றைய நேரத்தையே போடும். டேட்டாபேஸில் நேராக எழுதி, ‘க்ளீன் போஸ்ட் கேஷ்’ கூப்பிட வேண்டும். இரண்டு நெடுவரிசையையும் எழுதுங்கள், உள்ளூர் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தாதீர்கள். செய்வதற்கு முன் ஒரு காப்புப் பிரதி. ரிவிஷனை முடக்கி வைத்திருக்கும் தளத்தில் இந்த வழி கிடையாது.

எழுத்துப்பிழை திருத்தும்போது தேதி மாறாமல் இருக்க வழி உண்டா?

‘டபிள்யூபி இன்சர்ட் போஸ்ட் டேட்டா’ என்ற ஃபில்டர், டேட்டாபேஸில் எழுதுவதற்குச் சற்று முன் ஓடும். அங்கே பழைய பதிவை எடுத்து, அதன் இரண்டு திருத்திய நேரங்களையும் புதிய தகவலின் மேல் வைத்துவிடலாம். எப்போது வைப்பது என்று ஒரு நிபந்தனை வேண்டும், இல்லாவிட்டால் எந்தத் திருத்தமும் பதிவாகாது.

நான் இந்த வழியை விட்டுவிட்டேன். டேட்டாபேஸின் நேரம் ‘எப்போது சேமிக்கப்பட்டது’ என்பதற்கான பதிவு. அது உண்மையாகவே இருக்கட்டும். வாசகருக்குக் காட்ட ‘உள்ளடக்கம் புதுப்பித்த நாள்’ என்று தனி மெட்டா புலம் வைத்து, ஆசிரியர் கையால் இடும்படி செய்திருக்கிறேன். அது காலியாக இருந்தால் எதுவும் காட்டுவதில்லை. எழுதியவர் யோசித்து இடும் தேதியை எந்த நிரலும் தானாகக் கண்டுபிடிக்க முடியாது.

தேடுபொறிகளுக்கு எந்த வடிவத்தில் தர வேண்டும்?

வாசகர் பார்க்கும் தமிழ்த் தேதியை எச்டிஎம்எல்லின் ‘டைம்’ குறிச்சொல்லுக்குள் வைத்து, அதன் ‘டேட்டைம்’ பண்பில் சிறிய சி வடிவத்தைத் தாருங்கள். நேர வித்தியாசம் +05:30 என்று அதிலேயே சேர்ந்து வரும். ஸ்கீமா குறிப்பில் (தேடுபொறிக்காகப் பக்கத்தில் வைக்கும் தகவல்) ‘டேட்மாடிஃபைட்’டுக்கும் அதே மதிப்பு. நேர வித்தியாசம் இல்லாமல் தந்தால் கூகுள் தன் நேர மண்டலத்தை எடுத்துக்கொள்ளும்.

வேர்ட்பிரஸின் சொந்தத் தள வரைபடம் 5.5-இல் வந்தது, அதில் ‘லாஸ்ட்மாட்’ (கடைசியாகத் திருத்திய தேதி) 6.5-இல்தான் சேர்ந்தது. அந்தத் தேதி தொடர்ந்து நம்பகமாக இருந்தால் மட்டுமே பயன்படுத்துவதாகக் கூகுள் சொல்கிறது. உள்ளடக்கத்தைத் தொடாமல் தினமும் தேதியை மாற்றும் பிளகின்களைப் போடாதீர்கள்.

‘லாஸ்ட் மாடிஃபைட்’ என்ற எச்டிடிபி தலைப்பையும் (பக்கத்தோடு சேவையகம் உலாவிக்கு அனுப்பும் குறிப்பு) நானே அனுப்பலாமா?

அனுப்பலாம். வேர்ட்பிரஸ் ஊட்டங்களுக்கு (ஃபீட்) அதை அனுப்புகிறது, சாதாரணப் பக்கங்களுக்கு அனுப்புவதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்தத் தலைப்பில் கிழமையும் மாதமும் ஆங்கிலச் சுருக்கமாகவும், நேரம் ஜிஎம்டியிலும்தான் இருக்க வேண்டும். தமிழ்த் தளத்தில் ‘டபிள்யூபி டேட்’ கொண்டு செய்தால் “மார்ச்” என்று தமிழில் போகும், உலாவிக்குப் புரியாது. இங்கே மட்டும் பிஎச்பியின் ‘ஜிஎம்டேட்’தான் சரி.

ரெஸ்ட் ஏபிஐ (மற்ற நிரல்கள் தளத்தின் தகவலைக் கேட்டுப் பெறும் வழி) வழியாக எடுத்தால் உலாவியில் நேரம் தப்பாக வருகிறது.

‘மாடிஃபைட்’, ‘மாடிஃபைட் ஜிஎம்டி’ என்று இரண்டு புலங்கள் வரும். இரண்டிலும் நேர மண்டலக் குறி இருக்காது. குறி இல்லாத தேதி-நேரத்தை ஜாவாஸ்கிரிப்ட் பார்ப்பவரின் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். ஜிஎம்டி புலத்தை எடுத்து, கடைசியில் பெரிய இசட் எழுத்தைச் சேர்த்த பிறகு ஜாவாஸ்கிரிப்டின் ‘டேட்’டுக்குத் தாருங்கள். சிங்கப்பூரில் பார்த்தாலும் சரியாக இருக்கும்.

‘டாக்குமென்ட் லாஸ்ட்மாடிஃபைட்’ என்று ஒரு வரியில் முடியாதா?

முடியாது. அது மேலே சொன்ன எச்டிடிபி தலைப்பைத்தான் பார்க்கிறது. தலைப்பு இல்லாவிட்டால் இப்போதைய நேரத்தைத் தரும். ஒவ்வொரு தடவை பக்கத்தைத் திறக்கும்போதும் இப்போதுதான் திருத்தியது போலக் காட்டும்.

வேர்ட்பிரஸ் இல்லை, கிட்டில் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வைத்து நிலைத்த தளம் செய்கிறேன். கோப்பின் நேரத்தை எடுக்கலாமா?

வேண்டாம். கிட் கோப்பின் திருத்திய நேரத்தைச் சேமிப்பதில்லை. நகலெடுத்த நேரம்தான் கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பின் கடைசி கமிட் (கிட்டில் பதிந்த மாற்றம்) தேதியை எடுங்கள். நிலைத்த தளம் செய்யும் கருவியான ஹியூகோவில் ‘எனேபிள்கிட்இன்ஃபோ’ அதற்கானது. தானியங்கிச் சேவையகத்தில் கட்டும்போது முழு வரலாற்றையும் இறக்கச் சொல்லுங்கள். கடைசிக் கமிட் மட்டும் இறங்கினால் எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே தேதி வரும்.

சமீபத்தில் திருத்தியவற்றைப் பட்டியலாகக் காட்ட?

வினவலில் ‘ஆர்டர்பை’ என்பதற்கு ‘மாடிஃபைட்’. அந்த நெடுவரிசைக்கு இயல்பாக இன்டெக்ஸ் (டேட்டாபேஸ் விரைவாகத் தேட உதவும் அட்டவணை) இல்லை. பல்லாயிரம் பதிவுகள் உள்ள தளத்தில் முடிவைச் சில நிமிடங்களுக்குத் ‘டிரான்சியன்ட்’டில் (வேர்ட்பிரஸின் தற்காலிகச் சேமிப்பு) வைத்துக்கொள்ளுங்கள்.

“திருத்தப்பட்டது” என்று எழுதுவதா, “புதுப்பிக்கப்பட்டது” என்று எழுதுவதா?

இரண்டும் ஒன்றில்லை. திருத்தம் என்றால் முன்பு தவறு இருந்தது என்று வாசகர் எடுத்துக்கொள்வார். புதுப்பித்தது என்றால் புதுத் தகவல் சேர்ந்திருக்கிறது என்று பொருள். செய்திக் கட்டுரையில் பெயரோ எண்ணோ தவறாகப் போயிருந்தால் “திருத்தம்” என்று எழுதி, என்ன மாறியது என்பதையும் கட்டுரையின் அடியில் ஒரு வரி சொல்லுங்கள். தேர்வுத் தேதி, விண்ணப்பக் கட்டணம், திட்ட விதிமுறை போன்ற வழிகாட்டிப் பதிவுகளுக்கு “புதுப்பித்தது” போதும். அதைத் தலைப்புக்கு அருகிலேயே வையுங்கள், ஏனென்றால் வாசகர் முதலில் தேடுவது அதைத்தான். கதை, கவிதைக்கு இந்த வரியே வேண்டாம். வெளியான தேதி மட்டும் இருக்கட்டும்.